பதம்: மலைபடுகடாத்தில் வித்து முதல் விளைவு வரை

1. ஆராயும் பகுதி

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாக நிற்பது மலைபடுகடாம். 583 அடிகளால் இயன்ற இதனை இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னன்மீது பாடினார். கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் இதற்கு உண்டு. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கூத்தர் கூட்டத் தலைவனை அவன்பால் ஆற்றுப்படுத்துவதே பாட்டின் அமைப்பு. அவ்வுரையின் முற்பகுதியில், ஏறத்தாழ 50 அடியளவில், நன்னன் நாட்டு மலைச்சாரலின் செடி கொடி மரங்கள் ஏறத்தாழ 20 தொகுத்து உரைக்கப்படுகின்றன. எள், தினை, அவரை, வரகு, ஐவனநெல், கரும்பு, தோரை, ஐயவி, இஞ்சி, கவலை, வாழை, மூங்கில், நாவல், கூவை, மா, ஆசினி, பலா என்பன அவற்றுட் சிறந்தன. இப்பகுதியே ஈண்டு எம் ஆராய்ச்சிக்கு உரியது. அடிகள் கற்றோர் நன்கறிந்தன ஆதலின், அவற்றை எடுத்தெழுதாது பொருளையே தருகின்றோம்.

ஒரு செடி வித்தாக இடப்பெற்ற நாள்முதல் விளைவாகக் கொள்ளப்படும் நாள்வரை அடையும் நிலைகள் பல. அந்நிலைகளைப் புலவர் எவ்வாறு காண்கின்றார், எதன்பொருட்டுக் காண்கின்றார் என்னும் இரு வினாக்களுக்கு விடை தேடினால், வெறும் அடுக்கு எனத் தோன்றும் இப்பகுதி பாட்டின் கருத்தோடு பிரிக்கவொண்ணாத உறுப்பாதல் விளங்கும்.

2. பாட்டின் நிலம்

செங்கண்மா என்பது இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். பாட்டில் வரும் சேயாறு இன்றும் செய்யாறு என்னும் பெயரோடு ஓடுகின்றது. சவ்வாது மலையில் தோன்றிச் செங்கத்தை அடுத்துச் சென்று பாலாற்றோடு அது கூடும். நன்னனுக்குரிய நவிரமலையைச் சவ்வாது மலைத்தொடரின் அண்மையிலுள்ள பர்வதமலை எனக் கொள்வர். ஆகவே, மலைபடுகடாம் கூறும் புனங்களைச் சவ்வாது மலையும் அதன் சாரலும் அடங்கிய நிலப்பரப்பில் வைத்துப் பார்த்தல் முறையாகும்.

இந்நிலத் தொடர்பு தெளிவாக இருத்தலினாலேயே, இப்பகுதியைக் கற்போர் வேறுபட்ட இரு முடிபுகளுக்கு வர இடமுண்டு. ஒன்று, இது புலவர் மரபுப்படி அடுக்கிய வளங்கூறல், இதிற் பொருத்தமும் காலமும் தேடுதல் வீண் என்பது. மற்றொன்று, இது மலைநாட்டு வேளாண்மையைப் பதிந்துவைத்த சான்று, ஆதலின் இதிற் காண்பனவெல்லாம் அன்றும் இன்றும் சவ்வாது மலையில் உள்ளன என்பது. முன்னையது பாட்டைக் குறைத்து மதிக்கின்றது. பின்னையது பாட்டின்மீது அது சுமக்கவியலாத சுமையை ஏற்றுகின்றது. இரண்டும் பகுதியின் சொல்லமைப்பை நோக்காமையால் எழுவன என்பது எம் கருத்து.

3. நிலை முன்னும் பெயர் பின்னும்

முதற்கண் நோக்கத்தக்கது தொடரமைப்பு. இயல்பான உரைநடையில் பெயர் முன்னும் வினை பின்னும் வரும்: தினை விளைந்தது, நாவல் உதிர்ந்தது என்போம். இப்பகுதியில் அம்முறை பெரும்பாலும் தலைகீழாக நிற்கின்றது. செடி எய்திய நிலை முதலிற் கூறப்படும். அதற்கேற்ற உவமை உடன் வரும். எந்தச் செடி என்பது தொடரின் இறுதியிலேயே அறியப்படும். கேட்போன் முதலில் விளைவின் நிலையைக் காண்கின்றான்; பின்னரே அதற்குரிய பெயரைப் பெறுகின்றான். 20 இடங்களில் ஏறத்தாழ ஒரே முறையாக இஃது அமைந்திருத்தல் தற்செயலன்று. புலவர்க்கு எழுவாயாக நிற்பது செடியன்று, செடியின் பதம் என்பதை இவ்வமைப்பே காட்டிவிடுகின்றது.

பதம் என்னும் சொல்லும் இப்பகுதியில் இருமுறை வருகின்றது. தினை கொய்தற்குரிய பதத்தை அடைந்தது. தோரை என்னும் மலைநெல் அவல் இடித்தற்குரிய பதத்தைக் கொண்டது. ஒன்று கையின் தொழிலால் அளக்கப்படுகின்றது. மற்றொன்று உலக்கையின் தொழிலால் அளக்கப்படுகின்றது. வரகு இரும்பை, அஃதாவது அரிவாளை, வேண்டி நிற்கின்றது. கரும்பு ஆலையை வேண்டி அசைகின்றது. இஞ்சி காரம் கொண்டது. கூவை மாவோடு திரண்டது. எள் நெய் கொள்ளும் அளவுக்கு முற்றி, ஏழு காய் ஒரு பிடியை நிரப்பும் பருமன் எய்தியது. தேமா சாறு மிகுந்து உண்பாரைத் தடுத்தது. மேலே நடக்கவொட்டாமல் தடுத்ததோ, வேறொன்றை உண்ணவொட்டாமல் தடுத்ததோ, எவ்வாறு கொள்ளினும் கனியின் முதிர்ச்சி உண்பார் வாயிலாகவே உணர்த்தப்படுகின்றது. நாவற்கனிக்கு இவற்றுள் எதுவும் வேண்டப்படவில்லை. காற்றே அதனைப் பாறைமேல் உதிர்த்துவிடுகின்றது.

முற்றியது என்னும் ஒரு சொல்லால் இவை அனைத்தையும் கூறியிருக்கலாம். புலவர் அவ்வாறு கூறவில்லை. ஒவ்வொரு செடிக்கும் முதிர்ச்சி என்பது வேறு. அவ்வேறுபாட்டை அறிவிப்பது அடுத்து நிகழவிருக்கும் தொழில். பதம் என்பது செடியினுள் மட்டும் இருப்பதன்று, செடிக்கும் அதனைக் கொள்ளும் கைக்கும் இடையே இருப்பது என்னும் நுட்பம் இதனாற் பெறப்படும்.

4. சிதறிக் கிடக்கும் நிலைகள்

இறுதி முதிர்ச்சியை மட்டுமே புலவர் பாடினார் எனின் அதுவும் முழுமையாகாது. வித்து முதல் விளைவு வரையுள்ள நிலைகள் பலவும் இப்பகுதியில் உள்ளன. ஆயின் அவை ஒரு செடியின் வரலாறாக வரிசைப்பட்டு நில்லாமல், பல செடிகளிடையே பகிர்ந்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றை யாம் வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

மழை தவறாது பெய்ய, இட்ட வித்தெல்லாம் விரும்பியவாறே விளைகின்றன என்பது பகுதியின் தொடக்கம். இது வித்துநிலை. ஐயவி, அஃதாவது வெண்கடுகு, செறிந்த நிலம் உழாமல் விதைக்கப்பட்டுக் களைக்கொட்டால் கொத்தப்பட்டது என்பதனால் விதைப்பு முறையும் களையெடுப்பும் பெறப்படும். அவரையின் பூ தயிர்த்துளிபோல் உதிர்ந்தது என்பது பூ நீங்கிக் காய் தோன்றும் நிலை. எள்ளின் இளங்காய்க்குக் கௌவை என்னும் தனிப்பெயர் உண்டு. அந்நிலை கடந்து காய் கறுத்தது என்பதனால் இளமையும் முதுமையும் ஒரே தொடரில் அடங்கின. ஐவனநெல் பால் கட்டி, அப்பால் முற்றி வெண்ணெல் ஆயிற்று என்பது மணிபிடிக்கும் நிலை. தினைக்கதிர் ஒன்றோடொன்று பொருது விளையாடும் யானைக்கன்றுகளின் துதிக்கைபோல் பின்னி வளைந்தது. வரகின் கவர்த்த கதிர் சொற்போர் புரிவோன் விரல்போலத் தாழ்ந்தது. கதிர் வளைதலும் தாழ்தலும் மணியின் எடையால் நிகழ்வன ஆதலின், இவ்வுவமைகள் அழகு கருதியன மட்டும் அல்ல. முதிர்ச்சியின் அளவுகோலும் ஆம். இளங்கதிர் நிமிர்ந்து நிற்கும். அதற்கு இவ்வுவமை பொருந்தாது. இறுதியில் ஆசினிப் பலா வெடித்துத் தன் விதைகளைச் சிந்துகின்றது. வித்தில் தொடங்கிய பகுதி முடிவை நெருங்கும்போது மீண்டும் வித்து நிலத்தில் விழுகின்றது.

கூலப்பயிரின் பால்நிலையைத் தனியே குறித்தல் இக்காலப் பயிர்நூலார்க்கும் உடன்பாடு. டச்சு நாட்டு அறிஞர் சடாக்சும் உடனாராய்ந்தோரும் 1974இல் கூலங்களின் வளர்ச்சியைப் 10 முதன்மை நிலைகளாகப் பகுத்து எண்ணிட்டபோது, பால்நிலையை ஒன்றாகவும் அதனை அடுத்த மாவுநிலையை மற்றொன்றாகவும் வைத்தனர். இவ்வொப்புமை கொண்டு அவ்வறிவியல் பண்டே நம்மிடம் இருந்தது எனப் பெருமை பேசுதல் ஆராய்ச்சி ஆகாது. மணியை நகத்தாற் கிள்ளிப் பார்க்கும் உழவன் எந்நாட்டவனாயினும் பாலைக் காண்பான். வேறுபாடே ஈண்டு நோக்கத்தக்கது. பயிர்நூலார் ஒரு செடியைத் தொடக்கம் முதல் இறுதி வரை தொடர்ந்து காண்கின்றனர். புலவர் பல செடிகளை அவையவை நின்ற நிலையிற் கண்டு ஒருங்கு வைக்கின்றார். அவர்க்குக் காலம் முதன்மை. இவர்க்கு இடம் முதன்மை. நடந்து செல்வோன் கண்ணிற் படும் முறை இதுவேயாம்.

தொல்காப்பியர் மரபியலில் புறத்தே வயிரமுடையன புல் என்றும், அகத்தே வயிரமுடையன மரம் என்றும் பகுத்து, அவற்றின் உறுப்புப் பெயர்களைத் தொகுக்கின்றார். அங்கே இலைக்குப் பின் தளிரும், பூவிற்குப் பின் அரும்பும் எண்ணப்படுகின்றன. அது வளர்ச்சி முறையன்று, வழக்கிலுள்ள பெயர்களின் தொகுப்பே என்பது இதனால் தெளிவு. இலக்கணத்தில் பெயராய் நின்றது இலக்கியத்தில் நிலையாய் மாறுகின்றது.

5. காலமயக்கமா?

இனி, இப்பகுதிமீது எழும் வலிய தடையை ஆராய்வாம். மாவும் பலாவும் கனிவது கோடையில். கார்மழைக்கு விதைத்த தினை ஏறத்தாழ 3 மாதத்திலும், வரகு ஏறத்தாழ 4 மாதத்திலும் விளையும். மாங்கனி தீர்ந்து சில திங்கள் கழிந்த பின்னரே வரகிற்கு அரிவாள் வேண்டப்படும். இவை அனைத்தையும் ஒரு வழிப்போக்கன் ஒருநாளிற் காணுதல் இயலாது. எனவே புலவர் பருவம் அறியாது பாடினார் என்றோ, அறிந்தும் மிகைபடப் பாடினார் என்றோ கூறலாம் அன்றோ?

ஒருநாட் காட்சியாக இதனைக் கொண்டால் இத்தடைக்கு விடையில்லை. ஆயின் ஒருநாட் காட்சியாகக் கொள்ளவேண்டும் என்பதற்குப் பாட்டில் ஆதாரம் இல்லை. அவ்வாறு கொள்ளலாகாது என்பதற்கே ஆதாரம் உண்டு. அது தினையும் அவரையும் அடுத்தடுத்து நிற்கும் இடம். தினை கொய்பதம் எய்தியது என்று கூறிய புலவர், அடுத்து அவரையைக் கூறுங்கால், அது இருவிதோறும் காய்த்தது என்கின்றார். இருவி என்பது கதிர் கொய்யப்பட்ட தினைத்தாள். முன்னைத் தொடரில் கொய்யப்படாதிருந்த தினை, பின்னைத் தொடரில் கொய்யப்பட்டு வெறுந்தாளாய் நின்று அவரைக்கொடிக்குக் கொழுகொம்பாகி, அக்கொடி பூத்து, பூ உதிர்ந்து, அரிவாள்போல் வளைந்த காயும் கொண்டுவிட்டது. இரு தொடர்களுக்கும் இடையே ஓர் அறுவடையும் சில வாரங்களும் கழிந்துள்ளன. காலம் நகர்வதைப் புலவர் மறைக்கவில்லை. ஒரு பயிரின் முடிவு மற்றொரு பயிரின் துணையாவதைக் காட்டும் வாயிலாக வெளிப்படையாகவே உணர்த்துகின்றார்.

இவ்வோரிடமே பகுதி முழுமைக்கும் திறவுகோல் ஆகும். இங்கே கூறப்படுவது ஒருநாளின் தோற்றம் அன்று. எந்நாளிற் சென்றாலும் ஏதேனும் ஒன்று பதத்தில் நிற்கும் நாட்டின் இயல்பு. கரும்பு முதலிய சிலவற்றை ஒழித்து ஏனைய பெரும்பாலும் இறந்தகால வினைமுற்றால் முடிவதும் இதற்குத் துணை செய்கின்றது. இனி வரும் நிகழ்ச்சியையும் விரைவும் உறுதியும் தோன்ற இறந்தகாலத்தாற் கூறுதல் தொல்காப்பியர் உடன்பட்ட வழக்கு. மேலும், சொல்லுவோன் அவ்வழியே சென்று மீண்டவன். தான் கண்டதைக் கூறுவான்போல, கேட்போன் காணவிருப்பதை உறுதி செய்கின்றான்.

6. பதம் யாருக்கு?

இத்துணை நிலைகளையும் கூத்தனுக்குக் கூறுவானேன்? விடையைப் புலவரே தந்துள்ளார். தான் கூறவிருக்கும் பொருள்களை ஆற்றுப்படுத்துவோன் தொடக்கத்தில் முறைப்படுத்தி உரைக்கின்றான். வழியின் அளவு, தங்கும் இடம் ஆகியவற்றை அடுத்து, நாட்டில் விளையும் வல்சி, அஃதாவது உணவு, எண்ணப்படுகின்றது. மலையும் சோலையும் அதன்பின் வேறாக எண்ணப்படுகின்றன. ஆகவே யாம் ஆராயும் பகுதி மலையின் எழிலைக் கூறுவதாகப் புலவர் கருதவில்லை. வல்சி என்னும் தலைப்பிற்கு உரிய விரிவாகவே இதனை அமைத்தார். இயற்கை வருணனை என்று பெயரிட்டு இதனைக் கற்பிப்பது புலவர் வகுத்த தலைப்பை மாற்றுவதாகும்.

பாட்டின் பிற்பகுதி இதனை உறுதிப்படுத்துகின்றது. கதிராய் வளைந்து நின்ற தினை, பின்னர் மலைச்சீறூரில் ஊனோடு கூடிய சோற்றுக் குவியலாகக் கூத்தர்முன் வைக்கப்படுகின்றது. விளைந்து அசைந்த மூங்கில்நெல்லும், இருவியில் காய்த்த அவரையும், காட்டு வழியில் புளி கரைத்த கூழாகி அவர்தம் பசி தீர்க்கின்றன. பலாவின் கனி உண்டு எஞ்சிய பகுதியிலிருந்து விதையைப் பிரித்தெடுக்கக் கன்றுகளை விட்டு மிதிக்கச் செய்யும் சிறுவர் ஆரவாரமும் மலையில் எழும் ஒலிகளோடு கேட்கின்றது. புனத்தில் தொடங்கிய வளர்ச்சி அறுப்போடு நின்றுவிடவில்லை. உலையேறி, விருந்தினர் உண்கலத்தை அடைந்தே முடிகின்றது. பசியோடு வரும் கூத்தர் சுற்றத்திற்கு இதனினும் வேண்டப்படும் செய்தி வேறில்லை.

அகப்பாட்டுக்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை மேலும் விளங்கும். குறிஞ்சித் திணையில் தினையின் வளர்ச்சியே களவொழுக்கத்தின் காலவரம்பு. கதிர் முற்றத் தொடங்குங்கால் தலைவி காவலுக்கு வருவாள், கிளி கடிவாள், தலைவனைக் காண்பாள். கதிர் கொய்யப்பட்டால் காவல் முடியும், அவள் இற்செறிக்கப்படுவாள். அங்கே கொய்பதம் பிரிவின் அறிகுறி. ஆதலின் விளைவு வருத்தம் தருகின்றது. மலைபடுகடாத்தில் அதே கொய்பதம் விருந்தின் அறிகுறி. ஆதலின் விளைவு நம்பிக்கை தருகின்றது. நிலம் ஒன்று, பயிர் ஒன்று, பதமும் ஒன்று. காண்போர் நிலை வேறாதலின் பொருள் வேறாயிற்று. அகத்தின் கருப்பொருளைப் புறத்திற்கு ஏற்றவாறு புலவர் திருப்பியமைத்த திறம் இதுவாம்.

7. சாமையும் சான்றும்

இரண்டாம் முடிபையும் ஈண்டுச் சீர்தூக்க வேண்டும். இன்று சவ்வாது மலையின் தலையாய சிறுதானியம் சாமை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களிற் பரந்துள்ள அம்மலையில் வாழும் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் மழையை நம்பி அதனை விளைக்கின்றனர். 2023ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையால் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்ட பின்னர், சிறுதானியங்களின் பழமைக்குச் சங்க நூல்களைச் சான்று காட்டுதல் பெருகியுள்ளது. அவ்வார்வம் நல்லதே. ஆயின் யாம் ஆராய்ந்த பகுதியில் தினையும் வரகும் உள்ளன, சாமை இல்லை. சொல்லாததைச் சொன்னதாகக் கொள்ளுதல் கூடாது. சொல்லாமையினாலேயே அக்காலத்து அம்மலையில் சாமை இல்லை எனத் துணிதலும் கூடாது. புலவர் தந்தது கணக்கெடுப்பு அன்று.

இவ்வாறே இன்றைய மலைமக்களைப் பாட்டில் வரும் குறவரின் நேர்வழியினராகக் கொள்ளுதற்கும் தடை உண்டு. தம் முன்னோர் காஞ்சிப் பகுதியிலிருந்து வந்து மலையேறினர் என்பது மலையாளி மக்களின் வழிவழிச் செய்தி. எனவே பயிர்ப்பெயரையோ குலப்பெயரையோ கொண்டு இரு காலங்களையும் இணைத்தல் உறுதிப்படாது. இணைக்கத்தக்கது ஒன்று உண்டு. அது பதம் அறியும் அறிவு. சாமையை எப்போது அறுப்பது, எவ்வளவு நாள் பொறுப்பது என்பதை மணியின் நிறமும் கதிரின் சாய்வும் கண்டு முடிவு செய்யும் உழவன் சவ்வாது மலையில் இன்றும் உள்ளான். ஒருநாள் முந்தினால் மணி சுருங்கும், பிந்தினால் உதிரும். அவ்வறிவுக்குப் பழந்தமிழ் தந்த சொற்களைத் திரட்டி, மலைமக்கள் நாவில் இன்று வழங்கும் பயிர்நிலைச் சொற்களோடு ஒப்பிடுதல் எம் துறை மாணாக்கர் மேற்கொள்ளத்தக்க பணி. பேரகராதிகளில் இடம்பெறாத சொற்கள் அப்புனங்களில் வழங்குமாயின், அவற்றைத் தொகுத்தற்கு உரிய காலம், அவற்றை வழங்கும் முதியோர் வாழும் காலமே.

8. முடிபு

மலைபடுகடாத்தின் இப்பகுதி பருவம் மயங்கிய அடுக்கும் அன்று. பயிர்க் கணக்கும் அன்று. பெயருக்கு முன் நிலையை வைக்கும் தொடரமைப்பாலும், ஒவ்வொரு பயிரின் முதிர்ச்சியையும் அடுத்த தொழிலால் அளக்கும் சொல்லாட்சியாலும், கொய்த தினைத்தாளில் அவரையைக் காய்க்கவைத்துக் காலத்தை நகர்த்தும் நுட்பத்தாலும், வித்து முதல் விளைவு வரையுள்ள நிலைகளை அது ஒரு வழியின் இருமருங்கும் பரப்பி வைக்கின்றது. இதனை ஓதுவோர் ஒவ்வொரு தொடரிலும் செடியின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு செல்லாமல், அது எப்பதத்தில் நிற்கின்றது, அப்பதம் எவர் கையை எதிர்நோக்குகின்றது என வினவிச் செல்வாராயின், பசித்த கூத்தர் கூட்டம் கேட்ட செய்தி அவர்க்கும் கேட்கும்.